நாற்பத்துமூன்றாம் அறைக்காரர் வெளியே போயிருக்கிறார்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. திரியெஸ்தே நகரத்தின் காவல் புனிதர் சான் ஜுஸ்தோ மேல் ஆணை. அவர் காலில் ஈயக்குண்டு கட்டித்தான் எங்கள் கடலில் எறிந்தார்கள். இதில் ஒரு சொல் பொய் என்று யாராவது நிரூபித்தால், அதே குண்டை என் காலில் கட்டி அதே இடத்தில் எறியலாம். ஜனவரி மாதமாக இருந்தாலும் பரவாயில்லை.

கடற்கரைச் சாலையில் நிற்கும் கிராண்ட் ஹோட்டல் ஆர்ச்சிதூகா, சக்கரவர்த்தி காலத்தில் கட்டியது. அதன் முன்கூடத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில், தங்கமுலாம் பூசிய ஒரு சட்டம் தொங்கியது. ‘எழுபத்தொன்பது ஆண்டுகளாக இந்தக் கூரையின் கீழ் எவரும் இறந்ததில்லை’ என்று அதில் எழுதியிருந்தது. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஓர் ஓவியர் ஏணியோடு வந்து எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் போவார். அந்த எழுபத்தொன்பது ஆண்டுகளில் ஊரில் கொடிகள் மாறின, காசில் இருந்த தலைகள் மாறின, தெருப்பெயர்கள் இரண்டு முறை மாறின. சட்டத்தில் இருந்த வாக்கியம் மாறவில்லை.

அது பொய் என்று முழுதாகத் தெரிந்தவர் தலைமை வரவேற்பாளர் எஜீதியோ. முப்பத்துநான்கு வருட வேலை. கோட்டுக் காலரில் இரண்டு பக்கமும் அந்தப் பதவியின் சின்னமாகக் குறுக்கே வைத்த பொன்சாவிகள். அவர் காலத்தில் மட்டும் ஆர்ச்சிதூகாவில் முப்பத்தொரு பேர் இறந்திருந்தார்கள். முப்பத்தொரு பேரையும் வெளியே கொண்டுபோனவர் அவர்தான்.

அதற்கு ஒரு முறை இருந்தது. யார் எந்த நேரத்தில் இறந்தாலும் பகல் ஒரு மணிவரை காத்திருப்பார்கள். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கூடத்தில் மணி அடிக்கும், எல்லோருடைய முகமும் சூப்புக் கிண்ணத்துக்கு நேரே குனியும். அதற்குள் இறந்தவருக்கு முகம் மழித்து, கழுத்துத்துணி கட்டி, மேல்கோட்டும் தொப்பியும் போட்டுத் தயாராக வைத்திருப்பார்கள். ஒரு கையை எஜீதியோ பிடிப்பார், மறுகையைப் பெட்டி தூக்குபவர் பிடிப்பார். துணிமூட்டை இறக்கும் பின்புற லிஃப்டு, பின்வாசல், கார். மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் ‘வரும் வழியில் இறந்தார்’ என்று எழுதிக்கொள்வார்கள். ஒருமுறை வியன்னாவிலிருந்து வந்த மரவியாபாரி ஒருவரை அப்படி நடத்திக்கொண்டு போகையில், நடைவழியில் எதிரே வந்த ஒரு சீமாட்டி அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டாள். இந்த ஹோட்டலிலேயே தன்னை உற்றுப் பார்க்காத ஒரே கண்ணியவான் அவர்தான் என்று, போகும்போது மேலாளரிடம் சொல்லிவிட்டும் போனாள்.

எல்லாம் முடிந்ததும் எஜீதியோ தன் மேசைக்குத் திரும்புவார். கோட்டை நீவிவிட்டுக்கொண்டு, இறந்தவருடைய கனத்த பித்தளைச் சாவியைச் சுவரில் இருந்த பலகையில் அதற்குரிய கொக்கியில் தானே மாட்டுவார். யார் கேட்டாலும் ஒரே பதில்: “வெளியே போயிருக்கிறார்.” அதில் பொய் ஏதும் இருப்பதாக எஜீதியோவுக்கு முப்பத்துநான்கு வருடங்களில் ஒரு நாளும் தோன்றியதில்லை.

அறுபத்துமூன்றாம் வருடம் ஜனவரியில், போரா காற்று ஊரை வடகிழக்கிலிருந்து கடலுக்குள் தள்ளப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில், சுழல்கதவு வழியாகத் தூலியோ க்ரெவாதின் உள்ளே வந்தார். ஓய்வுபெற்ற ட்ராம் ஓட்டுநர். கூட அவருடைய மனைவி ஒந்தினா, இரண்டு கோட்டுகளுக்குள் சுருங்கிப்போய்.

ஒரு ட்ராம் ஓட்டுநர் எப்படி ஆர்ச்சிதூகாவில் தங்க முடியும் என்று கேட்பீர்கள். ஐம்பத்துநான்காம் வருடத்துப் போராவில், ஹோட்டல் முதலாளியின் தாயார் தெருமுனையில் காற்றுக்காகக் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடிக்க மறந்துவிட்டார். காற்று அவரைத் தூக்கிக்கொண்டது. மூன்றாவது விளக்குக்கம்பத்தின் உயரத்தில், கைப்பையோடு, தபால் நிலையத்தின் பக்கமாக அவர் பறந்துகொண்டிருந்தபோது எதிரே தூலியோவின் ட்ராம் வந்தது. தூலியோ ஒரு கையால் பிரேக்கைப் பிடித்தபடியே மறுகையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, அந்த அம்மாளை மென்மயிர்க் காலரில் பிடித்து உள்ளே இழுத்து, அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். டிக்கெட் வாங்கச் சொன்னதாகவும் கேள்வி. “என் ஹோட்டல் கதவு உனக்கு என்றைக்கும் திறந்திருக்கும்” என்றார் முதலாளி. ஒன்பது வருடம் தூலியோ அந்தப் பக்கமே வரவில்லை. இப்போது வந்திருந்தார்.

“சியோர் எஜீதியோ, ஒரு அறை வேணும். ஜன்னல் கடலப் பாத்து இருக்கணும்.”

“எத்தன நாளைக்கு, சியோர் தூலியோ?”

தூலியோ சுவரில் தொங்கிய சட்டத்தைப் பார்த்தார். “எழுபத்தொம்பது வருஷம்னு போட்டிருக்கு. நான் அவ்வளவு பேராசப்படல. ஒரு பத்து வருஷம் குடுங்க, போதும்.”

நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒந்தினா கோட்டுக்குள்ளிருந்து முகத்தை வெளியே எடுத்தாள். “மலைமேல டாக்டர் மூணு வாரம்னுட்டாரு, சியோர் எஜீதியோ. மூணாவது செவ்வாய்க்கிழமையத் தாண்டாதாம். இவருக்கு டாக்டரவிட ஒங்க சொவத்து மேலதான் நம்பிக்க.”

“சொவரு இதுவர பொய்யாப் போகல இல்ல? டாக்டரு எத்தன தடவ பொய்யாப் போயிருக்காரு!” என்றார் தூலியோ.

எஜீதியோ வாயைத் திறந்தார். சொல்லியிருக்கலாம். சியோர் தூலியோ, இது பொய், நானே முப்பத்தொரு பேரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன், உங்கள் மனைவியை வீட்டுக்கு அழைத்துப்போங்கள் என்று அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். ஆனால் தூலியோவின் கைகள் மேசைமேல் இருந்தன. நாற்பது வருடம் பிரேக் பிடித்த கைகள். அவை ஏற்கெனவே சாவிக்காக விரிந்திருந்தன. எஜீதியோ திரும்பி, நாற்பத்துமூன்றாம் எண் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்து தூலியோ முன்கூடத்தில், சுழல்கதவுக்கு நேர் எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவருடைய கணக்கு எளிது. கூரையின் கீழ் இருக்கும்வரை ஒந்தினாவுக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே அவள் அந்தக் கதவைத் தாண்டக் கூடாது. ட்ராமில் நிற்பதுபோலவே முதுகை நிமிர்த்தி, வருகிறவர் போகிறவரையெல்லாம் பார்த்துக்கொண்டு இருந்தார். சாப்பாடுகூட அங்கேதான், ரொட்டிக்குள் பன்றித்தொடை வைத்து, மடியில் காகிதம் விரித்து. ஒரு மணிக்குப் பிணம் இறக்கும் ஹோட்டலுக்கு இதைவிடச் சங்கடம் வேறில்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் இறக்குவதற்கு யாரும் கிடைக்கவில்லை.

மூன்றாவது வாரச் செவ்வாய்க்கிழமை வந்தது. தூலியோ அன்று மட்டும் நாற்காலியை விட்டு, அறைக்கு வெளியே நாள்முழுதும் நின்றார். மதியம் உள்ளேயிருந்து ஒந்தினாவின் குரல் கேட்டது: “யாராவது இருக்கீங்களா? ஒரு கிண்ணம் யோத்தா கொண்டாரச் சொல்லுங்க.” பயறும் புளித்த கோசும் போட்ட அந்தச் சூப்பை அவள் ஒரு கிண்ணம் குடித்து, இன்னொன்றும் கேட்டாள்.

ஹோட்டலுக்கு வந்துபோகும் டாக்டர் விதாலி, இதயத்துடிப்பு பார்க்கும் குழாயை அவள் மார்பில் வைத்தார். வைத்தவர் எடுத்து உதறினார். சுவர்க் கடிகாரத்தின்மேல் வைத்துப் பார்த்தார். கடிகாரம் நன்றாகக் கேட்டது. மறுபடி ஒந்தினாவின்மேல் வைத்தார்.

“உள்ள ஒரு சத்தமும் இல்லயே” என்றார்.

“அப்ப வாய்ல மட்டும் எப்படி இவ்வளவு சத்தம்?” என்றார் தூலியோ.

“நீ போய் ஒன் கதவக் காத்துக்கிட்டு இரு. டாக்டர் வேல பாக்கட்டும்” என்றாள் ஒந்தினா.

செய்தி ஊருக்குள் போனது. பிப்ரவரியில் கப்பல் தலைவர் பெத்ரானிச்சை நான்கு பேர் தூக்குக்கட்டிலில் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டாம் அறை. மார்ச் மாதத்தில் அவர் இரண்டு முறை மதியச் சாப்பாட்டின் நடுவில் இறந்தார். ஆனால் இந்த வீட்டில் அது வழக்கமில்லை என்பது நினைவுக்கு வந்ததும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இனிப்பைச் சாப்பிட்டு முடித்தார். எதிர்த்தெருவில் சவப்பெட்டிக் கடை வைத்திருந்தவர் மனமுடைந்து குடை விற்கத் தொடங்கினார். போரா அடிக்கும் ஊரில் குடை விற்பவனின் கதியை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

எஜீதியோ மட்டும் சிரிக்கவில்லை. தினமும் காலையில் சாவிப்பலகையின் முன் நின்று நாற்பத்துமூன்றாம் கொக்கியைப் பார்ப்பார். அது காலியாக இருக்கும்வரை ஒந்தினா அறையில் இருக்கிறாள் என்று அர்த்தம். தன் ஒரு பொய்யின்மேல் ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறாள். அவள் காதில் உண்மை விழுந்தால் அன்றைக்கே சரிந்துவிடுவாள். அவளோடு, கீழே நாற்காலியில் இருக்கும் மனிதரும் சரிந்துவிடுவார். இதுதான் அவருக்கு இருந்த பயம். பணிப்பெண்கள் அறைகளில் பேசக்கூடாது என்று உத்தரவே போட்டார்.

ஏப்ரல் போய் மே வந்தது. ஒந்தினா இலேசாகிக்கொண்டே வந்தாள். காலையில் அவள் எழுந்த பிறகும் படுக்கைவிரிப்பில் ஒரு மடிப்புகூட இல்லை என்று அறை பெருக்கும் ஸ்தாங்கா சொன்னாள்.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள் காலை, ஒந்தினா எஜீதியோவை மேலே வரச் சொன்னாள். அவர் போனபோது அவள் ஜன்னலருகே நின்று தலையணை உறைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இஸ்திரிப்பெட்டியை ஸ்தாங்காவிடம் இரவல் வாங்கியிருந்தாள்.

“இதெல்லாம் நீங்க செய்யலாமா, சியோரா ஒந்தினா?”

“ஒங்க ஆளுங்க செய்யறதப் பாத்துக்கிட்டு இருக்க முடியல. ஓரத்த இழுக்காமத் தேய்க்கறாங்க. கதவச் சாத்துங்க. எத்தன பேரு?”

“எது எத்தன பேரு?”

“செத்தவங்க.”

எஜீதியோ காலரில் இருந்த பொன்சாவியைத் தொட்டுக்கொண்டார். “இந்தக் கூரைக்குக் கீழ எழுபத்தொம்பது வருஷமா…”

“சட்டத்துல இருக்கறத எனக்கும் படிக்கத் தெரியும். எத்தன பேருன்னேன்.”

வெளியே கடல் அசையாமல் கிடந்தது. எஜீதியோ ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “முப்பத்தொண்ணு” என்றார். சொன்ன கையோடு அவள் சரிந்து விழுவாள் என்று எதிர்பார்த்து, பிடிக்கக் கையையும் நீட்டினார்.

ஒந்தினா உறையைத் திருப்பிப் போட்டாள். “தப்பு. முப்பத்துநாலு. மூணு பேரு ஒங்களுக்கு முந்தி.”

“என்ன சொல்றீங்க?”

“துறைமுகத்துப் பின்னால பெரிய சலவைச்சாலை இருந்துச்சே, அங்க நான் முப்பத்தெட்டு வருஷம் இஸ்திரிக்காரி. ஒங்க ஹோட்டல் துணி முழுக்க என் கை வழியாத்தான் போச்சு. தெனமும் மூட்ட மூட்டையா வரும். எப்பவாவது ஒரு நாள் ஒரே ஒரு விரிப்பு மட்டும் தனியா, நீலக் காகிதம் சுத்தி, உள்ள ஒரு ரோஸ்மேரிக் கொத்தோட வரும். நாங்க சிலுவ போட்டுக்கிட்டுத் தேய்ப்போம். ரோஸ்மேரி வச்சது நீங்கதானே?”

“நான்தான்” என்றார் எஜீதியோ. அவருக்கு முன்பு வேலை பார்த்தவர் கற்றுக்கொடுத்த முறை அது. யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார்.

“அப்ப எல்லாம் தெரிஞ்சேதான் இங்க வந்தீங்களா?” என்று கேட்டார்.

“வேற என்ன பண்ணச் சொல்றீங்க? அந்த மனுஷன் நம்பிட்டான். மலைமேல படுக்கையில கெடந்தா என் பக்கத்துலயே ஒக்காந்து என் மூச்ச எண்ணுவான். எண்ணறவன் முன்னாடி எப்படி நிறுத்தறது? அவன் கதவப் பாக்கட்டும், நான் கடலப் பாக்கறேன்னுதான் வந்தேன். மூணு வாரத்துக்குத்தான் வந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில எல்லாத்தையும் முடிச்சுக்கலாம்னு கண்ண மூடினேன். வெளிய அவன் செருப்புச் சத்தம். போறான், வர்றான், போறான், வர்றான். ச்சீ, இந்த மனுஷன வச்சுக்கிட்டு சாகவும் முடியலியேன்னு யோத்தா கேட்டேன்.” அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “அஞ்சு மாசமாச்சு. களைச்சுப்போச்சு, சியோர் எஜீதியோ. குளியல்துறையத் திறந்துட்டாங்களா?”

எங்கள் ஊரில் ஒரு குளியல்துறை உண்டு. கூழாங்கல் கரையின் நடுவில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு வெள்ளைச் சுவர் எழுந்து கடலுக்குள்ளும் கொஞ்ச தூரம் போகும். ஒருபுறம் ஆண்கள், மறுபுறம் பெண்கள். கல்யாணமான முதல் கோடையிலிருந்து ஒந்தினாவும் தூலியோவும் அங்கே போனவர்கள். வாசலில் பிரிவார்கள். பகல் ஒரு மணிக்குத் தூலியோ சுவருக்கு அந்தப் பக்கமிருந்து விசில் அடிப்பார்: இரண்டு சின்னது, ஒரு நீளம். இவள் அதே மாதிரி பதில் அடிப்பாள். வாசலுக்கு வந்து ரொட்டியைப் பங்கிட்டுக்கொண்டு, மறுபடி அவரவர் பக்கம் போவார்கள்.

“நேத்துத் திறந்தாங்க” என்றார் எஜீதியோ.

“நான் போகணும். பொம்பளைங்க பக்கம் வெயில்ல ஒக்காந்து ஒரு ஆட்டம் சீட்டு ஆடணும். அவன் கதவுல ஒக்காந்திருந்தா விட மாட்டான். அஞ்சு நிமிஷம் அவன அங்கிருந்து எழுப்புங்க. அப்புறம் எல்லாருக்கும் சொல்வீங்களே ஒண்ணு, அத அவனுக்கும் சொல்லிடுங்க.”

“அவருகிட்ட அத எப்படிச் சொல்றது, சியோரா?”

“முப்பத்தொரு தடவ சொன்ன வாய்தானே?”

அன்று பன்னிரண்டரை மணிக்கு முன்லிஃப்டு இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே கப்பல் தலைவர் பெத்ரானிச். அவர் ஏழு துறைமுகங்களின் மொழியில் கத்தினார். எந்த இயந்திரமும் பாதிவழியில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தூலியோவால் முடியாது. அது எஜீதியோவுக்குத் தெரியும்.

“எவன்யா இதுக்கு எண்ணெ போடறது?” என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தூலியோ படியேறினார். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக நாற்காலி காலியானது.

ஒந்தினா மறுபக்கப் படிகளில் இறங்கி வந்தாள். கோட்டு இல்லை. பூப்போட்ட கோடைச்சட்டை, வைக்கோல் தொப்பி, கையில் துண்டு வைத்த பை. மேசைக்கு வந்து சாவியை நீட்டினாள். எஜீதியோ கையை நீட்டினார், ஆனால் விரல்கள் மூடவில்லை. அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு மேசையைச் சுற்றி உள்ளே வந்து, நாற்பத்துமூன்றாம் கொக்கியில் சாவியைத் தானே மாட்டினாள். அது ஆடி நிற்கும்வரை விரலால் பிடித்திருந்தாள்.

“வரேன்” என்றாள்.

சுழல்கதவு அவளை ஏந்திக்கொண்டு வெளியே விட்டது. காற்றே இல்லாத நாள் அது. அவள் போன பிறகும் கதவு இரண்டு சுற்றுச் சுற்றியது.

தூலியோ கைகளில் எண்ணெய்க் கறையோடு இறங்கி வந்தார். நாற்காலியைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தார். நாற்பத்துமூன்றில் சாவி தொங்கியது.

எஜீதியோ கோட்டை நீவிக்கொண்டார். “நாற்பத்துமூணாம் அறைக்காரர்… வெளிய போயிருக்காங்க.”

தூலியோ கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

“துண்டு எடுத்துக்கிட்டாளா?”

“எடுத்துக்கிட்டாங்க.”

“தொப்பி?”

“வைக்கோல் தொப்பி.”

“அப்ப சரி.” தூலியோ சட்டத்தின் பக்கம் திரும்பவே இல்லை. “மணி என்ன?”

“பன்னெண்டே முக்கால்.”

“நடந்தா சரியா இருக்கும்” என்றார் தூலியோ. நாற்காலியின் கீழிருந்த ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். எஜீதியோவும், முப்பத்துநான்கு வருடத்தில் முதல்முறையாக வேலை நேரத்தில் முன்வாசலைத் தாண்டி, பொன்சாவிக் கோட்டோடு வெயிலில் அவர் பின்னால் நடந்தார்.

ஆண்கள் பக்கத்தில் கூட்டமில்லை. தூலியோ செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரை ஒட்டிக் கூழாங்கல்லில் உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பெண்களின் சிரிப்பும், சீட்டு அடித்துப் போடும் சத்தமும், ஏதோ சண்டையும் கேட்டன. குன்றின்மேல் சான் ஜுஸ்தோ தேவாலயத்தில் மணி ஒன்று அடித்தது. தூலியோ இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். இரண்டு சின்னது, ஒரு நீளம்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. சீட்டும் நின்றது. அலை ஒரு முறை வந்து போயிற்று.

பிறகு பதில் வந்தது. இரண்டு சின்னது, ஒரு நீளம்.

எஜீதியோ எழுந்து வாசலைப் பார்த்தார். தூலியோ எழவில்லை. ரொட்டியை மடியில் வைத்து இரண்டாகப் பிய்த்தார். ஒரு பாதியைக் காகிதத்தில் மடித்துச் சுவரின் அடியில் வைத்தார். மறுபாதியை, கடலைப் பார்த்தபடி, அவசரமில்லாமல் மென்று தின்றார்.

ஒந்தினா க்ரெவாதின் இறந்தது மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில், டாக்டர் சொன்ன அதே மூன்றாவது வாரச் செவ்வாய்க்கிழமை. கிராண்ட் ஹோட்டல் ஆர்ச்சிதூகாவுக்குள் அவள் ஒரு நாளும் காலடி எடுத்து வைத்ததில்லை. ஈயக்குண்டைக் கொண்டுவாருங்கள், என் கால் தயார்.